பத்து லட்சம் ஆண்டுப் பழைய சாம்பல்! கலஹாரி ஓரத்தில் ஓர் 'அதிசய'க் குகை

ஒரு கைப்பிடிச் சாம்பலைப் பார்க்க யாராவது 700 கிலோமீட்டர் கார் ஓட்டிக்கொண்டு போவார்களா? நாங்கள் போனோம். அதுவும் தென்னாப்பிரிக்காவின் ஜூலை மாதக் குளிரில்!

அந்தச் சாம்பலின் வயது ஏறக்குறைய 10 லட்சம் ஆண்டுகள். நம்முடைய மனித இனமான ஹோமோ சேப்பியன்ஸ் இந்தப் பூமிக்கு வந்தே சுமார் மூன்று லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்கும் ஏழு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே, நமக்கு முந்தைய யாரோ ஒருவர் எரிகிற நெருப்பை ஒரு குகைக்குள் கொண்டுபோயிருக்கிறார். ஆதி மனிதர்கள் நெருப்பைப் பயன்படுத்தியதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய, நம்பகமான சாட்சியங்களைப் பற்றி யார் பேசினாலும் இந்தக் குகையைத் தாண்டிப் பேச முடியாது. பெயர், வொண்டர்வர்க். ஆஃப்ரிகான்ஸ் மொழியில் 'அதிசயம்' என்று அர்த்தம்.

அக்கா ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கிறாள். லீவுக்குப் போன என்னை எங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று பேச்சு வந்தபோது, மாமா சிங்கம் பார்க்கலாம் என்றார். நான் சாம்பல் பார்க்கலாம் என்றேன். "நியூஸ் ஆபீஸ்ல வேலை பார்க்கிறவங்களை வீட்டுக்குக் கூப்பிட்டா இப்படித்தான்" என்று தலையில் அடித்துக்கொண்ட அக்காதான், மறுநாள் காலையில் தெர்மாஸில் காபி ஊற்றிக்கொண்டு முதல் ஆளாக காரில் ஏறினாள்.

வைர ஊரைத் தாண்டி...

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கிம்பர்லி சுமார் 480 கிலோமீட்டர். வைரத்தால் பிறந்த ஊர். 1871-ல் ஆரம்பித்து 1914 வரை தோண்டிய 'பிக் ஹோல்' என்ற ராட்சதப் பள்ளத்தைப் பார்க்கத்தான் எல்லோரும் அங்கே வருகிறார்கள். நாங்கள் முதலில் போனது மெக்ரெகர் மியூசியத்துக்கு. வொண்டர்வர்க் குகை இந்த மியூசியத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. குகையில் தோண்டியெடுத்த கற்கருவிகளும் எலும்புகளும் இங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன.

கிம்பர்லியை விட்டு வெளியே வந்ததும் நிலம் மாறிவிடுகிறது. குளிர்காலத்தில் காய்ந்து வெளிறிய புல், அதற்கு நடுவில் ஆங்காங்கே முள் மரங்கள். மின்கம்பங்களின் தலையில் வைக்கோல் போரைத் தூக்கி மாட்டியதுபோல பெரிய பெரிய கூடுகள். நம் ஊர்த் தூக்கணாங்குருவியின் தூரத்துச் சொந்தமான ஒரு குருவி, கூட்டுக்குடும்பமாகக் கட்டும் அடுக்குமாடி அது. ஒரே கூட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும். மாமா இதற்காகவே மூன்று இடங்களில் காரை நிறுத்தினார்.

டேனியல்ஸ்குயில் என்ற சிறிய ஊரைத் தாண்டினால் இடதுபக்கம் குருமன் குன்றுகள் தொடங்குகின்றன. இந்தக் குன்றுகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 20-ம் நூற்றாண்டில் இங்கே வெட்டியெடுத்தது நீல ஆஸ்பெஸ்டாஸ். எவ்வளவு தீயிலும் எரியாத கல்நார்! அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலின் மேலுறையில் ஒருவகைப் புற்றுநோய் வருகிறது என்பதை மருத்துவ உலகம் தெளிவாகத் தெரிந்துகொண்டதே, 1960-ல் இந்தப் பகுதி நோயாளிகளை ஆராய்ந்து வெளிவந்த கட்டுரை மூலமாகத்தான். சுரங்கத்தில் இறங்கியவர்கள் மட்டுமல்ல, பக்கத்தில் வெறுமனே குடியிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஆதி மனிதர் நெருப்போடு பழகிய அதே குன்றுகளில், நெருப்புக்கு அஞ்சாத ஒரு பொருளைத் தோண்டப்போய் ஊரே நோயில் விழுந்திருக்கிறது. சுற்றுலா பிரசுரங்களில் இது இருக்காது.

140 மீட்டர் நீளக் குகை

குருமன் ஊருக்கு சுமார் 45 கிலோமீட்டர் தெற்கே, குன்றின் அடிவாரத்தில் குகை வாசல். குனிந்து, தவழ்ந்து, இடுக்கில் நுழைகிற குகை என்று கற்பனை செய்துகொண்டு போகாதீர்கள். மெட்ரோ ரயில் சுரங்கத்துக்குள் நடப்பது போலத்தான் இருக்கிறது. தரை சமம். உயரமான கூரை. டோலமைட் பாறையை நிலத்தடி நீர் லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்து, மலைக்குள் 140 மீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய் போலக் குடைந்துவைத்திருக்கிறது. வாசலுக்குக் கொஞ்சம் உள்ளே, தரையிலிருந்து முளைத்தது போல சுண்ணாம்புப் படிவத் தூண் ஒன்று காவல்காரன் மாதிரி நிற்கிறது.

வாசல் வடக்கு பார்த்தது. பூமியின் தென்பாதியில் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும் என்பதால், வடக்கு வாசல் என்றால் குளிர்காலத்தில் வெயில் உள்ளே விழும். வாஸ்து பார்த்துக் கட்டியதுபோல இருக்கிறது என்றாள் அக்கா. 18 லட்சம் ஆண்டுகளாக இங்கே யாராவது ஒருவர் வந்து போய்க்கொண்டிருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குகையின் அடியாழ மண்ணில் கிடைத்த எளிய கல் சில்லுகளுக்கு அந்த வயது சொல்கிறார்கள். அதற்கு மேலே கைக்கோடரிகள். அதற்கும் மேலே நுட்பமான கருவிகள். வாசல் பக்கச் சுவர்களில் பழங்குடிகள் தீட்டிய ஓவியங்கள்.

கடைசியாகக் குடியிருந்தவர்கள் யார் தெரியுமா? 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். தனி வீடு கட்டிக்கொண்டு வெளியேறும்வரை பிள்ளை குட்டிகளோடு இந்தக் குகையில்தான் வாழ்ந்திருக்கிறார்கள்.

பிறகு 1940-களில் வந்தது ஆபத்து. குகைத் தரையில் சேர்ந்திருந்த வளமான மண்ணை உரமாக விற்பதற்காக வெட்டிக்கொண்டு போனார்கள். வண்டி வண்டியாகப் போன அந்த மண்ணில் எத்தனை ஆயிரம் ஆண்டுக் கதை வயலில் கரைந்ததோ! ஆனால் அப்படி வெட்டும்போது தட்டுப்பட்ட எலும்புகளும் கற்கருவிகளும்தான் ஆய்வாளர்களை இங்கே அழைத்து வந்தன. 1978-லிருந்து மெக்ரெகர் மியூசியத்தின் பீட்டர் போமான்ட் ஆண்டுக்கணக்கில் இங்கே தோண்டினார். ஆழத்து அடுக்குகளிலேயே நெருப்பின் அடையாளம் இருக்கிறது என்று அவர் சொன்னார். ஆனால், பழைய நெருப்பு என்று யார் சொன்னாலும் தொல்லியல் உலகம் முதலில் சந்தேகப்படும். அந்தச் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது.

கருகியதெல்லாம் நெருப்பல்ல

மண்ணுக்கடியில் கறுப்பாக ஓர் எலும்பு கிடைத்தால், அது சுட்ட எலும்பாகத்தான் இருக்க வேண்டுமா? மாங்கனீசு படிந்தாலும் எலும்பு கறுக்கும். சிவந்த மண் எல்லாம் சுட்ட மண் இல்லை. சரி, உண்மையாகவே எரிந்ததுதான் என்றாலும், மின்னல் தாக்கிப் பற்றிய காட்டுத்தீயாக இருக்கலாம். வெளியே எரிந்த சாம்பலை மழைநீரோ காற்றோ உள்ளே கொண்டுவந்து சேர்த்திருக்கலாம். குகைகளில் குவியும் வௌவால் எச்சம் தானாகவே சூடேறிப் புகைவதும் உண்டு.

இந்த ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லித்தான் 2012-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஃப்ரான்செஸ்கோ பெர்னா, பால் கோல்ட்பர்க், மைக்கேல் சஸான், லியோரா கோல்ஸ்கா ஹோர்விட்ஸ் உள்ளிட்டோர் எழுதியது. அவர்கள் செய்தது என்ன என்று கேட்டால் நம் அம்மாக்களுக்குச் சட்டென்று புரியும். மைசூர்பாகை வில்லை போடுவது போல, மண் அடுக்கை உதிராமல் கட்டியாக வெட்டியெடுத்தார்கள். பிசின் ஊற்றிக் கல் போல இறுகவைத்தார்கள். பிறகு அதைத் தலைமுடியைவிட மெல்லிய சீவலாகச் செதுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். மண்ணைக் கிளறிச் சலித்தால் எல்லாம் கலந்துவிடும். இப்படிப் பார்த்தால் எது எதன்மேல் கிடந்ததோ அது அப்படியே தெரியும்.

தெரிந்தது சாம்பல். எரிந்த புல், இலை, சிறு குச்சிகளின் சாம்பல். கூடவே கருகிய எலும்புத் துணுக்குகள். சாம்பல் துகள்களின் ஓரங்கள் மழுங்கவில்லை, எலும்பின் கூர்முனைகள் தேயவில்லை. தண்ணீரோ காற்றோ இழுத்து வந்திருந்தால் அவை உருண்டு மழுங்கியிருக்கும். ஆக, எரிந்தது இங்கேயேதான். இடமோ இன்றைய வாசலிலிருந்து 30 மீட்டர் உள்ளே. மின்னல் அங்கே வந்து இறங்காது. அந்த அடுக்கில் வௌவால் எச்சம் எரிந்ததற்கான அறிகுறியும் இல்லை. அகச்சிவப்புக் கதிரை வைத்து எலும்புகள் எவ்வளவு சூடானது என்றும் கணக்கிட்டார்கள். வெப்பம் 700 டிகிரியைத் தாண்டவில்லை. புல்லும் சுள்ளியும் எரித்தால் வரும் சூடு அவ்வளவுதான். பெரிய விறகுக் கட்டை போட்டு மூட்டிய தீ இல்லை இது. ஒரே நாள் சம்பவமும் இல்லை. அந்த அடுக்குக்குள் மேலும் கீழுமாகப் பல மட்டங்களில் எரிந்த தடயங்கள். அதாவது, திரும்பத் திரும்ப!

யார் அவர்கள்? குகையில் அவர்களுடைய எலும்பு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. காலத்தையும் கைக்கோடரியையும் வைத்து, ஹோமோ எரக்டஸ் ஆக இருக்கும் என்கிறார்கள்.

நான் நின்ற இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தபோது வாசல் ஒரு வெள்ளை வட்டமாகத் தெரிந்தது. உள்ளே இன்னும் 110 மீட்டர் இருட்டு. 30 மீட்டர் உள்ளே எதற்காக நெருப்பைக் கொண்டுவர வேண்டும்? வாசலிலேயே வைத்துக்கொண்டிருக்கலாமே! எனக்குத் தோன்றியது இதுதான்: அணையக்கூடாது என்று நினைத்திருப்பார்கள். காற்று படாத, மழை படாத இடம் தேடி வைத்திருப்பார்கள். விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு மாடத்தில் கொண்டுபோய் வைப்போமே, அப்படி.

குருமன் குளிரில் ஒரு கேள்வி

அன்று இரவு குருமனில் தங்கினோம். 'குருமனின் கண்' என்று அவர்கள் அழைக்கும் ஊற்று இந்த ஊரின் நடுவில் இருக்கிறது. வறண்ட பூமியின் நட்டநடுவே, ஒரு நாளைக்குக் கோடிக்கணக்கான லிட்டர் தெளிந்த தண்ணீர் பொங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீரை நம்பித்தான் 19-ம் நூற்றாண்டில் ராபர்ட் மொஃபாட் என்ற பாதிரியார் இங்கே மிஷன் அமைத்தார். ஆப்பிரிக்காவைச் சுற்றிய டேவிட் லிவிங்ஸ்டன் அவருக்கு மருமகன்.

இரவு தட்பவெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று விடுதியில் சொன்னார்கள். முற்றத்தில் 'பிராய்' எனப்படும் கரியடுப்பு மூட்டினார்கள். கேமல்தார்ன் என்ற முள் மரத்தின் விறகு. இரும்பு போலக் கனம். ஒருமுறை கங்கு பிடித்துவிட்டால் மணிக்கணக்கில் தணியாது. முகம் வெந்துவிடும்போல் இருந்தது. முதுகு விறைத்தது. திரும்பி உட்கார்ந்தால் முகம் விறைத்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு கணக்கு உறைத்தது. இந்தப் பகுதியில் மழை கோடைக்காலத்தில். இடியும் மின்னலும் அப்போதுதான். காய்ந்த புல்லில் மின்னல் விழுந்து தீப்பிடிப்பதும் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில்தான். ஜூன், ஜூலையில் வானம் துடைத்துவைத்தது போல இருக்கும். நெருப்பு சும்மா கிடைக்கிற காலத்தில் வெளியே வெயில் கொளுத்துகிறது. நெருப்பு இல்லாமல் உயிர் நடுங்குகிற காலத்தில் அது கிடைக்காது. அப்படியென்றால், சொந்தமாக நெருப்பு உண்டாக்கத் தெரியாதவர்கள், கோடையில் கிடைத்ததை ஆறேழு மாதம் அணையாமல் காப்பாற்றினால்தான் குளிர்காலத்துக்கு உதவும். அதுவும் புல்லையும் சுள்ளியையும் வைத்துக்கொண்டு! புல் நெருப்பு எத்தனை நிமிடம் நிற்கும் என்பது கிராமத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர் விழித்திருக்க வேண்டும். பகலில் யாராவது சுள்ளி பொறுக்க வேண்டும். மழை வந்தால் முடிந்தது.

அவர்கள் அப்படிக் காப்பாற்றினார்களா, அல்லது கிடைத்தபோது அனுபவித்துவிட்டு இல்லாதபோது நடுங்கிக்கொண்டு கிடந்தார்களா என்பதற்கு வொண்டர்வர்க் சாம்பல் பதில் சொல்வதில்லை. கல் சுற்றிக் கட்டிய அடுப்பு எதுவும் அந்த அடுக்கில் இல்லை. நெருப்பை எடுத்து வருவது வேறு, உண்டாக்குவது வேறு. உண்டாக்கியதற்கான சாட்சியம் மிகவும் பிந்தித்தான் வருகிறது. 2025 டிசம்பரில் 'நேச்சர்' இதழில், இங்கிலாந்தின் பார்ன்ஹாம் என்ற இடத்திலிருந்து ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டார்கள். சுமார் நான்கு லட்சம் ஆண்டு முந்தைய சுட்ட களிமண், வெப்பத்தில் வெடித்த கைக்கோடரிகள், கூடவே தீப்பொறி தட்டப் பயன்படும் பைரைட் கல்லின் இரண்டு துண்டுகள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அரிதான கல் அது. தேடித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். வொண்டர்வர்க்குக்கும் பார்ன்ஹாமுக்கும் நடுவே ஆறு லட்சம் ஆண்டுகள்! தீப்பெட்டி இல்லாமல், பக்கத்து வீட்டில் கங்கு வாங்கி அடுப்பு பற்றவைத்த நம் பாட்டிகளின் நிலையில், ஆனால் பக்கத்து வீடும் இல்லாமல், எத்தனை தலைமுறைகள் இருந்திருக்கும்!

சிறுத்தை தின்ற பிள்ளை

நெருப்பால் என்ன கிடைத்தது என்று கேட்டால் சமையல் என்றுதான் எல்லோரும் முதலில் சொல்வார்கள். ரிச்சர்ட் ராங்கம் என்ற ஹார்வர்டு பேராசிரியர், சமைத்துச் சாப்பிட்டதால்தான் நம் பல்லும் குடலும் சிறுத்து மூளை பெருத்தது என்று ஒரு புத்தகமே எழுதினார். ஆனால், எரக்டஸின் பல் சிறுத்தது 18 லட்சம் ஆண்டு வாக்கில், நம்பகமான சாம்பலோ 10 லட்சம் ஆண்டில்தான் தொடங்குகிறது. இடையே இருக்கும் எட்டு லட்சம் ஆண்டு இடைவெளியை வைத்துத்தான் இன்றுவரை சண்டை.

எனக்கென்னவோ, அடுப்புக்கு முன்பே காவல் என்றுதான் தோன்றுகிறது. காரணம், ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் ஸ்வார்ட்க்ரான்ஸ் குகை. அங்கே கிடைத்த ஒரு மண்டையோடு ப்ரிட்டோரியா இயற்கை வரலாற்று மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பராந்த்ரோபஸ் என்ற மனித உறவினத்துப் பிள்ளை ஒன்றின் மண்டை. அதன் பின்புறம் இரண்டு ஓட்டைகள். சி.கே. பிரெய்ன் என்ற ஆய்வாளர், சிறுத்தையின் கீழ்த்தாடைக் கோரைப்பற்களை அந்த ஓட்டைகளில் பொருத்திப் பார்த்தார். அப்படியே பொருந்தின. தலையைக் கவ்வித் தரதரவென்று இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. குகையில் குவிந்திருந்த நம் முன்னோர், உறவினரின் எலும்புகள் அங்கே 'வாழ்ந்தவர்களின்' எலும்புகள் இல்லை, பெரும்பாலும் தின்று போட்ட மிச்சம் என்று காட்டியவர் இந்த பிரெய்ன்தான்.

அதே குகையின் மேல் அடுக்கு ஒன்றில், பத்துப் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழைய எலும்புகளில் 270 துண்டுகள் சுடப்பட்டிருந்ததை 1988-ல் பிரெய்னும் ஆண்ட்ரூ சில்லனும் அறிவித்தார்கள். அந்த நெருப்பு மனிதர் மூட்டியதா, வெளியே எரிந்து உள்ளே சேர்ந்ததா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். இருட்டியதும் ஏதோ ஒன்று வந்து பிள்ளையைக் கவ்விக்கொண்டு போகும் என்ற நிலையில் இருந்த ஒரு தாய்க்கு, ருசியா முக்கியம்? வாசலில் ஒரு வெளிச்சம்!

இன்னொன்றும் உண்டு. வெளிச்சம் வந்ததும் பகல் நீண்டுவிட்டது. கலஹாரியின் ஜூ/ஹோவான்சி மக்களோடு பல ஆண்டுகள் பழகிய மானுடவியலாளர் பாலி வீஸ்னர், அவர்கள் பேசுவதைக் கணக்கெடுத்து 2014-ல் வெளியிட்டார். பகல் பேச்சில் மூன்றில் ஒரு பங்கு புகாரும் புறணியும், ஏறக்குறைய இன்னொரு பங்கு வேட்டை, உணவு, வரவு செலவு. இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்துவிட்டால் 81 சதவிகிதம் கதை! தூரத்து உறவினர்கள், கல்யாணங்கள், செத்தவர்கள், சிரிப்பு. வேலை செய்ய முடியாத, தூங்கவும் வேண்டாத அந்த இரண்டு மூன்று மணி நேரம் நெருப்பு கொடுத்த இனாம். குருமன் முற்றத்தில் நாங்களும் அதையேதான் செய்தோம். காரில் வரும்போது டோல் கட்டணம் பற்றிச் சண்டை போட்ட அக்காவும் மாமாவும், கங்கைச் சுற்றி உட்கார்ந்ததும், எப்போதோ இறந்துபோன ஒரு சித்தப்பாவின் சைக்கிள் கதையை ஆரம்பித்தார்கள்.

கரும்புக் காட்டில் கோரைப் படுக்கை

அடுத்த வாரம் டர்பன். அங்கே கடற்கரைக்குத்தான் போவது என்று முடிவாகியிருந்தது. ஆனால் டர்பனுக்கு வடக்கே 40 கிலோமீட்டரில், டோங்காட் பக்கத்தில் சிபுடு குகை இருக்கிறதே!

டோங்காட் என்றால் கரும்பு. கரும்பு என்றால் நம் ஆட்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது. அதன்பின் ஐம்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்தவர்களின் பேரன், பேத்திகள் இன்றும் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். கடைப் பலகைகளில் நாயுடு, கவுண்டர், பிள்ளை என்ற பெயர்களைப் பார்க்கும்போது ஒரு விநாடி எந்த ஊரில் இருக்கிறோம் என்று குழம்புகிறது. டர்பன் வட்டார மாரியம்மன் கோயில்களில் இன்றும் தீமிதி உண்டு.

நாங்கள் போனது அறுவடைக் காலம். இங்கே கரும்பை வெட்டுவதற்கு முன் வயலுக்கே தீ வைப்பார்கள். சோகை எரிந்து, பாம்பும் பூச்சியும் ஓடி, வெட்டுவதற்குத் தடி மட்டும் நிற்கும். காரின் கண்ணாடி மேல் கறுப்பாகச் சோகைக் கரி வந்து விழுந்துகொண்டே இருந்தது. இந்தத் தோட்டங்களுக்கு நடுவே, ஆற்றுக்கு மேலே நிற்கும் மணற்பாறைச் சரிவில் இருக்கிறது சிபுடு. நாங்கள் குகைக்குள் போகவில்லை. தோட்டச் சாலையில் நின்று பாறைச் சரிவுகளைப் பார்த்ததோடு சரி. ஆனால் அங்கே லின் வாட்லி என்ற பேராசிரியர் குழுவினர் கண்டெடுத்ததைப் படித்துவிட்டு நின்றால், அதுவே போதுமானதாக இருந்தது.

77,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் குகையில் படுத்துத் தூங்கியவர்கள், ஆற்றங்கரைக் கோரையைப் பரப்பிப் படுக்கை செய்திருக்கிறார்கள். ஆமாம், நாம் பாய் பின்னும் அதே கோரைக் குடும்பம்தான்! (பத்தமடைக்கும் சிபுடுவுக்கும் தொடர்பு என்று யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிட வேண்டாம். கோரை உலகம் முழுக்க முளைக்கும்.) அதன்மேல் ஒரு மரத்தின் இலைகளைத் தூவியிருக்கிறார்கள். அந்த இலையில் கொசுவையும் பூச்சியையும் விரட்டும் ரசாயனங்கள் இருக்கின்றன. சுமார் 73,000 ஆண்டு வாக்கிலிருந்து இன்னொரு பழக்கமும் சேர்கிறது. படுக்கை பழசானதும் அதை அப்படியே கொளுத்திவிட்டு, அந்தச் சாம்பல் மேல் புதுக் கோரை பரப்புவது. ஓடிப்போக வேண்டியதில்லை, இருக்கும் இடத்தையே சுத்தம் செய்துகொள்ளலாம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் அதிக நாள் தங்க முடிந்ததற்கு இது ஒரு வழி.

இதைவிடப் பழையது, அதே குவாசுலு நட்டால் மாகாணத்தின் வடகோடியில், எஸ்வாட்டினி எல்லையை ஒட்டிய மலையில் இருக்கும் பார்டர் குகை. அங்கே 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே புல் படுக்கை. புல்லுக்கு அடியில் சாம்பல்! ஊர்கிற பூச்சிகளுக்குச் சாம்பல் ஆகாது. மூச்சுத் துளையை அடைக்கும், உடல் ஈரத்தை உறிஞ்சிவிடும். துவரையிலும் விதைநெல்லிலும் சாம்பல் கலந்து வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூடவே எரிந்த கற்பூரப்புதர் மரத்தின் மிச்சங்களும் கிடைத்திருக்கின்றன. அந்தப் புகைக்குப் பூச்சி வராது என்பதால், ஆப்பிரிக்க கிராமங்களில் அந்தச் செடியை இன்றைக்கும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் நொச்சி மூட்டம் போடுவது போல.

அதே பார்டர் குகையில்தான், 1,70,000 ஆண்டுகளுக்கு முன்பு சுட்டுச் சாப்பிட்ட கிழங்குகளின் கரி கிடைத்தது. மொத்தம் 55 துண்டுகள். ஹைபாக்சிஸ் என்ற, மஞ்சள் பூப் பூக்கும் சிறு செடியின் கிழங்கு. பச்சையாகவும் தின்னலாம். ஆனால் சுட்டால் தோல் சுலபமாக உரியும், மாவுச்சத்து எளிதாகச் செரிக்கும். பறித்த இடத்திலேயே தின்றுவிடாமல் குகைக்குக் கொண்டுவந்து சுட்டிருக்கிறார்கள் என்பதை வாட்லி கவனிக்கச் சொல்கிறார். வயதானவர்களும் குழந்தைகளும் வீட்டில் காத்திருந்தார்கள் என்றுதானே அதற்கு அர்த்தம்? பல் போன தாத்தாவுக்குச் சுட்ட கிழங்கு என்பது சும்மா விஷயம் இல்லை.

தென்கடற்கரையில் மாஸல் பே ஊரின் பினக்கிள் பாயின்ட் குகைகளைப் பற்றியும் ஒரு வரி. மேலே கோல்ஃப் மைதானம், கீழே கடல், நடுவே குகைகள். அங்கே கல்லையே 'சமைத்திருக்கிறார்கள்'! சில்கிரீட் என்ற முரட்டுக் கல்லை அடுப்புக்குக் கீழே மணலில் புதைத்து, மெதுவாகச் சூடேற்றி, மெதுவாக ஆறவைத்தால், அது பளபளப்பாகி, தட்டினால் கத்தி போலச் சீராக உடையும். 72,000 ஆண்டு வாக்கில் இது சர்வசாதாரணம். 1,64,000 ஆண்டுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்கிறது 2009-ல் வந்த ஆய்வு. பினக்கிள் பாயின்ட்டும் சிபுடுவும் டீப்க்ளூஃப் என்ற இன்னொரு பாறைக் குடைவும் சேர்ந்து 2024 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யச் சின்னங்களாயின. அறிவிப்பு வந்த கூட்டம் நடந்தது நம் புது டெல்லியில்!

போக நினைப்பவர்களுக்கு...

இந்தியர்களுக்கு தென்னாப்பிரிக்க விசா அவசியம். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். வொண்டர்வர்க் குகைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. கிம்பர்லியில் ஓர் இரவு, குருமனில் ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால் அவசரமில்லாமல் பார்க்கலாம். கிளம்பும் முன் மெக்ரெகர் மியூசியத்தைத் தொடர்புகொண்டு, குகையைப் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாகனம் இல்லாமல் சிரமம். வழியில் பெட்ரோல் பங்குகள் தூரத்துக்கு ஒன்றுதான்.

குழந்தைகளோடு போகிறவர்கள், ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில் இருக்கும் ஸ்டெர்க்ஃபான்டெய்ன் குகையையும் மரோபெங் கண்காட்சி மையத்தையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது. ஆதி மனிதர் கதை அங்கே படமும் பொம்மையுமாக இருக்கிறது. அதைப் பார்த்த பிறகு வொண்டர்வர்க்கின் வெற்றுத் தரை அவர்களுக்கு வெறும் தரையாகத் தெரியாது.

ஜூன், ஜூலையில் போவதாக இருந்தால் பகலில் வெயிலைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்வெட்டர் போதாது, ஜாக்கெட்டே வேண்டும். குகைக்குள் டார்ச் அவசியம். கீழே கிடக்கும் ஒரு சிறு கல்லைக்கூட நினைவுக்கு என்று எடுத்து வந்துவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம்.